அளவு தெரியாத நிவாரணம்

பூசினால் வலி மறையும் மயக்க மருந்து க்ரீம்கள் மருந்துக் கடைகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்ற மூன்று கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மும்பை ஆண்டாப் ஹில்லில் பல வீடுகளில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. பக்கத்துத் தாராவியின் இட்லிக்காரர்கள் ஊரறிந்தவர்கள். அலுமினியப் பாத்திரத்தில் இட்லியை அடுக்கி, சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டே கிளம்பும் அந்த வாழ்க்கைக்கு சயான் கோலிவாடாவும் ஆண்டாப் ஹில்லும் அந்நியமல்ல. பத்துக்குப் பத்து அறையில் தட்டுத் தட்டாக அவித்து எடுக்கும்போது ஆவி முழங்கையில் அடிப்பது அன்றாடச் சங்கதி. வடாலா பக்கப் பட்டறைகளில் வெல்டிங் செய்பவருக்குக் கண் எரிகிறது. கிடங்கில் மூட்டை இறக்குபவருக்கு இடுப்பு. பன்னிரண்டு மணி நேரம் டாக்சி ஓட்டுபவருக்கு வெளியே சொல்லக் கூச்சமான இடத்தில் வலி. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஓ.பி.டி. வரிசையில் நின்றால் அரை நாள் காலி. முக்கில் இருக்கும் 'மெடிக்கல்' இரண்டு நிமிட வேலை.

'சுன் கர்னேவாலா க்ரீம்' என்று கடைக்காரருக்குப் புரிகிற இந்தியில் கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதே ட்யூப் 'மரத்துப்போற மருந்து' ஆகிவிடுகிறது. பயன்படுத்திய மீதி ஜன்னல் மாடத்தில் சீப்புக்கும் விபூதி டப்பாவுக்கும் நடுவே கிடக்கும். அட்டைப்பெட்டியும், அதற்குள் எட்டாக மடித்த பொடி எழுத்துக் காகிதமும் முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும். எழுதியிருப்பது ஆங்கிலத்தில் என்பதால் யாரும் அதைத் தேடுவதில்லை. எல்லா விஷயமும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

முதல் குழப்பம் பெயரில். வலிக்குப் பூசுவது எல்லாமே தமிழர்களுக்கு 'தைலம்' அல்லது 'ஆயின்ட்மென்ட்'. உண்மையில் இவை மூன்று தனித்தனி ஜாதி. அமிர்தாஞ்சன் போன்ற தைலங்கள் ஒரு வகை. 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் இதே பம்பாயில் தொடங்கி, பிற்பாடு சென்னைக்குக் கொண்டுபோன சரக்கு அது. இவை வலியை நீக்குவதில்லை. தோலில் ஒரு குளிர்ச்சியையோ காந்தலையோ கிளப்பி மனதின் கவனத்தைத் திருப்புகின்றன. இரண்டாவது, டைக்ளோஃபெனாக் போன்ற வீக்கம் குறைக்கும் ஜெல்கள். மூன்றாவது வகைதான் இங்கே பேச்சு: நரம்பையே சிறிது நேரத்துக்கு ஊமையாக்கும் மயக்க மருந்துகள். லிக்னோகெயின், ப்ரிலோகெயின், பென்சோகெயின், டெட்ராகெயின் என்று 'கெயின்' வாலோடு முடியும் குடும்பம். தைலத்தை அள்ளித் தேய்க்கிற பழக்கத்தோடு இந்த மூன்றாவது ஜாதியைத் தொடும்போதுதான் விபரீதம் ஆரம்பம்.

இதில் லிக்னோகெயினும் லிடோகெயினும் ஒன்றேதான். இந்திய ட்யூபில் ஒரு பெயர், வெளிநாட்டு ட்யூபில் இன்னொரு பெயர். ஒன்று போதவில்லை என்று மற்றொன்றையும் சேர்த்துப் பூசுகிறவர் இரண்டு மருந்து போடுவதாக நினைத்துக்கொள்கிறார். போட்டதோ ஒரே மருந்தை இரண்டு மடங்கு.

குடும்பத்தின் மூதாதை கொக்கெயின். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் சொட்டினால் வலியின்றி அறுவை செய்யலாம் என்று காட்டினார். லிக்னோகெயின் வந்த கதை இன்னும் வேடிக்கையானது. ஸ்வீடனில் பார்லிப் பயிரில் உள்ள ஒரு ரசாயனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் அதன் உறவுக்காரப் பொருள் ஒன்றைத் தயாரித்தார்கள். அதை ஹோல்கர் எர்ட்மன் நாக்கில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்துப்போயிற்று. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன நீல்ஸ் லோஃப்கிரென் 1943இல் லிடோகெயினைத் தயாரித்தார். சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார். 1948இல் அஸ்ட்ரா நிறுவனம் 'ஜைலோகெயின்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பல் டாக்டர் போடும் ஊசியிலிருந்து சிறுநீர்க் குழாய் செருகும்போது தடவும் ஜெல் வரை எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. மருந்து நல்ல மருந்துதான், அதில் சந்தேகமில்லை.

ரத்தத்தில் என்ன வேலை?

நரம்பு வழியாக வலிச் செய்தி மூளைக்குப் போக வேண்டுமானால் நரம்பின் சுவரில் உள்ள நுண்ணிய கதவுகள் திறந்து சோடியம் உள்ளே புக வேண்டும். லிக்னோகெயின் அந்தக் கதவுகளைச் சாத்திவிடுகிறது. செய்தி கிளம்புவதே இல்லை. மருந்து கரைந்து போனதும் கதவு திறக்கிறது, வலி திரும்புகிறது. வலிக்குக் காரணமான புண்ணோ சீழோ எலும்பு முறிவோ அங்கேயே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இதே கதவுகள் மூளையிலும் இதயத்திலும் உண்டு. தோலில் பூசிய மருந்து போதிய அளவில் ரத்தத்தில் கலந்தால் அங்கேயும் போய்ச் சாத்தும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது அதை அடக்க டாக்டர்கள் லிக்னோகெயினை நரம்பு வழியே ஏற்றுவது உண்டு. அளவு மீறினால் அதே மருந்து இதயத்தை நிறுத்தவும் செய்யும்.

கணக்கு எளியது. ட்யூபில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு கிராம் க்ரீமில் 50 மில்லிகிராம் மருந்து. 2 சதவீதம் என்றால் 20 மில்லிகிராம். 10 சதவீத ஸ்ப்ரேயில் ஒரு அழுத்தத்துக்கு 10 மில்லிகிராம். ஊசியாகப் போடும்போது உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான உச்சவரம்பு. அறுபது கிலோ ஆளுக்கு 270 மில்லிகிராம். முப்பது கிராம் கொண்ட 5 சதவீத ட்யூப் ஒன்றில் இருப்பது 1,500 மில்லிகிராம்.

முழுசாக உள்ள தோலில் பூசினால் இதில் சிறு பங்குதான் உள்ளே போகிறது. ஆகவே ஒரு கொசுக்கடிக்குத் துளி தடவியவர் பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் சிறு பங்கு எப்போது பெரும் பங்காகிறது என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். அகலமான இடத்தில் அப்பினால். நெடுநேரம் விட்டுவைத்தால். மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால். வெந்நீர்ப் பையோ ஹீட்டிங் பேடோ வைத்தால். தோல் உரிந்தோ வெந்தோ சிரங்காகியோ இருந்தால். வாய், ஆசனவாய், பிறப்புறுப்பு போன்ற ஈரச் சவ்வுகளில் பூசினால். இட்லி ஆவி பட்டு வெந்த கை இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்கலாம். மேல்தோல் போன இடத்தில் காவல் இல்லை. மருந்து நேராக உள்ளே இறங்குகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. அமெரிக்காவில் லேசர் மூலம் கால் ரோமத்தை நீக்கிக்கொள்ளப் போன இரண்டு பெண்கள், ஒருவருக்கு வயது 22, மற்றவருக்கு 25, வலி தெரியாமலிருக்க மரத்துப்போகும் க்ரீமைக் கால் முழுக்கப் பூசிக்கொண்டார்கள். சொன்னபடியே மேலே பிளாஸ்டிக் தாளையும் சுற்றினார்கள். வலிப்பு வந்தது, நினைவு தப்பியது, இருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் பூசியது கடையில் தனியாகக் கலந்து கொடுத்த, வீரியம் மிகுந்த க்ரீம். இந்தச் சாவுகளைச் சுட்டிக்காட்டி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) 2007 பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது; 2009 ஜனவரியில் மறுபடியும் சொன்னது. 2024 மார்ச்சில் பச்சை குத்துவதற்கும் ரோமம் நீக்குவதற்கும் விற்கப்படும் க்ரீம்கள் மீது அதன் பார்வை திரும்பியது. சீட்டில்லாமல் தோலில் பூச 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெயின் கூடாது என்பது அந்த நாட்டு வரம்பு. அதைத் தாண்டி விற்ற ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. மும்பையில் லேசர் நிலையங்களுக்கும் டாட்டூக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. தபாலில் க்ரீம் வரவழைப்பதும் சுலபம். இதில் ஆண்டாப் ஹில்லுக்கும் நியூயார்க்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பல் முளைக்கும் பிள்ளை

ராத்திரி முழுக்க அழும் கைக்குழந்தை ஒரு சாலில் இருந்தால் அந்த வரிசையே தூங்காது. ஈறில் ஒரு விரல் ஜெல் தடவினால் அழுகை அடங்குகிறது. அரை மணியில் மறுபடி அழுகை, மறுபடி ஒரு விரல். குழந்தை அதை எச்சிலோடு விழுங்கிக்கொண்டே இருக்கிறது.

எட்டு கிலோ குழந்தைக்கு அதே 4.5 கணக்குப்படி உச்சவரம்பு 36 மில்லிகிராம். வாய்ப்புண்ணுக்குத் தரும் 2 சதவீதக் கெட்டித் திரவம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 100 மில்லிகிராம். விழுங்கியதில் ஒரு பகுதியை ஈரல் அழித்துவிடும் என்பது உண்மை. ஆனால் சிசுவின் ஈரலை நம்பிச் சூதாட முடியாது. 2014இல் எஃப்.டி.ஏ. பரிசீலித்த 22 சம்பவங்களில் ஐந்து மாதக் குழந்தை முதல் மூன்றரை வயதுக் குழந்தை வரை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தன, உயிரிழப்பும் இருந்தது. அதன்பின் பல் முளைக்கும் வலிக்கு இந்தத் திரவம் கூடாது என்று பெட்டியிலேயே கட்டம் கட்டிப் போடச் சொன்னார்கள். பிரிட்டனில் 2018 டிசம்பர் முதல் லிடோகெயின் கலந்த பல் ஜெல்கள் மருந்தாளுநர் மேற்பார்வையில்தான் விற்கப்பட வேண்டும் என்றானது.

பென்சோகெயின் இன்னொரு விதமாகக் கெடுதல் செய்கிறது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, சுமக்க முடியாத மெத்தீமோகுளோபினாக அது மாற்றிவிடக்கூடும். உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாகும். மூச்சு வாங்கும். எடுத்துப் பார்த்தால் ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்ப முடியாது. நிலைமை எவ்வளவு மோசமானாலும் அது 85 பக்கத்திலேயே நின்றுகொண்டு ஏமாற்றும். 2009 பிப்ரவரிக்கும் 2017 அக்டோபருக்கும் இடையில் அமெரிக்காவில் இப்படி 119 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. நால்வர் இறந்தார்கள், அதில் ஒன்று சிசு. 2018 மே மாதம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பென்சோகெயின் கூடவே கூடாது என்று அறிவிக்கப்பட்டது.

பல் ஜெல்லுக்குப் பதில் என்ன? ஈரத்துணியைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுப்பது. சுத்தமான விரலால் ஈறை அழுத்தித் தேய்ப்பது. பாட்டிகளுக்குத் தெரிந்த வைத்தியம்தான்.

ப்ரிலோகெயினுக்கும் இந்த நீலம் பாயும் குணம் உண்டு. லிக்னோகெயினும் ப்ரிலோகெயினும் ஆளுக்கு 2.5 சதவீதம் கலந்த க்ரீம், தோலை மரக்கவைப்பதில் கெட்டிக்காரச் சரக்கு. ஸ்வீடனில் 1984இல் வந்தது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதிகபட்சம் ஒரு கிராம், ஒரு மணி நேரம். ஒரு வயது வரை இரண்டு கிராம். ஆறு வயது வரை பத்து கிராம். இவற்றில் எடைக் கட்டுப்பாடும் உண்டு. இங்கே மும்பைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மலேரியா மறுபடி வராமலிருக்கத் தரும் ப்ரைமாக்வினும், குஷ்டரோகத்துக்குத் தரும் டாப்ஸோனும் தாங்களாகவே இதே மாற்றத்தை ரத்தத்தில் உண்டாக்கக்கூடியவை. அந்த மாத்திரைகளைச் சாப்பிடும்போது இந்த க்ரீமும் சேர்ந்தால் பளு கூடுகிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பார்சிகள் உட்படச் சில சமூகங்களில் இந்தக் குறை கூடுதலாகக் காணப்படுவது பல காலமாகத் தெரிந்த விஷயம்.

வெல்டரின் கண்

மரத்துப்போகும் மருந்துகளில் மிகவும் கொடுமையான துஷ்பிரயோகம் தோலில் நடப்பதல்ல, கண்ணில் நடப்பது. கண்ணாடி போடாமல் ஆர்க் வெல்டிங் செய்தவருக்கு மாலை வரை ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல எரிச்சல் தொடங்கும். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்காக ப்ரோபராகெயின் ஒரு சொட்டு விட்டால் சில விநாடிகளில் சொர்க்கம். அந்தப் புட்டியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு மறுநாள் கடையில் வாங்கிவிடுகிறார்கள். பட்டறையில் ஒருவர் வாங்கினால் நாலு பேர் சொட்டிக்கொள்வார்கள்.

இந்தச் சொட்டு கருவிழியின் மேல்தோல் வளர்வதையே தடுக்கிறது. ஓரிரு நாளில் தானாக ஆறியிருக்க வேண்டிய காயம் ஆறாமல் புண்ணாகிறது. புண் வலிக்கிறது, மறுபடி சொட்டு. உணர்ச்சி இல்லாத கண் சிமிட்டவும் மறக்கிறது. கடைசியில் கருவிழி வெளுத்து, ஓட்டையாகி, பார்வையே போன நோயாளிகளைக் கண் டாக்டர்கள் உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் வெல்டர்கள் கணிசம். ஆர்க் பட்ட கண்ணுக்கு வேண்டியது இருட்டு, குளிர்ந்த ஒத்தடம், வலி மாத்திரை, டாக்டர் தரும் ஆன்டிபயாடிக் சொட்டு. மரக்கவைக்கும் சொட்டு வீட்டுக்கு வரவே கூடாது. இதில் விதிவிலக்குத் தேடுவது வீண்.

வலி இல்லாததால் வரும் கேட்டைப் புரிந்துகொள்ள ஆண்டாப் ஹில்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து வடாலாவில் அக்வர்த் குஷ்டரோக ஆஸ்பத்திரி 1890இலிருந்து இருக்கிறது. அன்றைய முனிசிபல் கமிஷனர் அக்வர்த் முயற்சியில் தொடங்கியது. குஷ்டரோகிகளின் விரல்கள் ஏன் தேய்கின்றன என்பதற்குத் தெளிவான விளக்கம் வேலூரிலிருந்து வந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை செய்த அறுவை டாக்டர். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. உணர்ச்சி இல்லாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தும், ஆணியை மிதித்தும், காயத்தோடு நடந்தும் நோயாளியே அறியாமல் கெடுத்துக்கொள்கிறார் என்று அவர் காட்டினார். ட்யூபில் வாங்குவது அதே உணர்ச்சியின்மையின் சில மணி நேரச் சிறுபதிப்பு. மரத்த வாயோடு சாப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதும், புரையேறுவதும் இதில் சேர்த்தி. தொண்டையில் ஸ்ப்ரே அடித்தால் ஒரு மணி நேரம் சோறு தண்ணீர் கூடாது என்பது இதனால்தான்.

மூலத்துக்குப் பூசுகிறவர்கள் விஷயமும் இப்படித்தான். ஆசனவாய் வெடிப்புக்கும் மூலத்துக்கும் லிக்னோகெயின் கலந்த ஆயின்ட்மென்ட் சில நாட்களுக்கு நிஜமான உதவி. வெட்கத்தால் டாக்டரிடம் போகாமல் மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவருக்கு ரத்தம் வருவது மூலத்தால்தானா, குடல் கட்டியாலா என்று யார் சொல்வது? பல் வலியும் அதே ரகம். மரத்துப்போன பல்லுக்கு அடியில் சீழ் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. ஒரு நாள் தாடை வீங்கியபின் மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் பல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. இன்னொரு விற்பனைச் சரக்கு, ஆண்கள் 'நேரம் நீடிக்க' அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே. இதிலும் இருப்பது பெரும்பாலும் லிக்னோகெயின்தான். பத்திரிகை விளம்பரத்தில் சொல்லாத விஷயம்: துடைக்காமல் விட்டால் மனைவிக்கும் மரத்துவிடும்.

முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் பூசுவது கிட்டத்தட்ட காசுக்குக் கேடு. க்ரீம் தோலை மரக்கவைக்கும், மூட்டு வரை போய்ச் சேராது. சேரவில்லை என்பதற்காக இன்னும் கொஞ்சம் அப்புவார்கள்.

எங்கே பொருந்தும்?

பொருந்தும் இடங்களும் கணிசமாகவே உண்டு. தலசீமியா உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊசி. ஒரு மணி நேரம் முன்பு அந்த இடத்தில் மட்டும் கலப்பு க்ரீமைப் பூசி மூடிவைத்தால் அந்தக் குழந்தையின் வாழ்க்கையில் ஒரு பயம் குறைகிறது. அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நெருப்பாய் எரியும் வலிக்கு 5 சதவீத லிடோகெயின் ஒட்டுப்பட்டை நல்ல மருந்து. 24 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் ஒட்டலாம், ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. பட்டையில் 700 மில்லிகிராம் மருந்து. கழற்றி எறியும்போதும் 665 மில்லிகிராமுக்குக் குறையாமல் அதிலேயே இருக்கும். தரையில் கிடந்தால் தவழும் குழந்தை வாயில் வைக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து எட்டாத இடத்தில் போட வேண்டும்.

அளந்து பூசவும் வழி இருக்கிறது. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். 5 சதவீத ஆயின்ட்மென்ட்டுக்கு ஒரு தடவைக்கு உச்சம் 5 கிராம். அதாவது இப்படிப் பத்து விரல்நுனி. அதுவும் பெரியவர்களுக்கு, முழுத் தோலுக்கு. நாள் முழுவதும் சேர்த்து 17 முதல் 20 கிராமைத் தாண்டக்கூடாது என்பது உற்பத்தியாளரின் கணக்கு. ஈரல் கெட்டவர்கள், இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், மெலிந்த வயோதிகர்கள் இந்த அளவையும் நம்பக்கூடாது. டாக்டரைக் கேட்பதே வழி. பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது.

ஆவி பட்ட கைக்கு க்ரீமே வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். முனிசிபல் குழாயில் தண்ணீர் வராத நேரம் என்றால் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றலாம். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் கூடாது. பிறகு சுத்தமான துணி, வலிக்கு ஒரு பாராசிட்டமால். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ சயான் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வேறு யோசனை கூடாது.

மருந்து அளவு மீறிவிட்டது என்பதை உடம்பு முன்கூட்டியே சொல்லும். வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல், குழறல், கண் மங்கல். குழந்தையாக இருந்தால் காரணமில்லாத தூக்கம், வாந்தி, நடுக்கம். அடுத்த படி வலிப்பு. முதல் அறிகுறியிலேயே மீதி மருந்தைத் துடைத்துக் கழுவிவிட்டு 108ஐ அழைக்க வேண்டும், அல்லது டாக்சி பிடிக்க வேண்டும். வாந்தி எடுக்கவைக்க முயலக்கூடாது. காலி ட்யூபைக் கையோடு கொண்டுபோனால் டாக்டர்களின் வேலை பாதி முடிந்தது. நீலம் பாய்ந்தவருக்கு மெத்திலீன் ப்ளூ என்ற ஊசி மாற்று. ஜி6பிடி குறை இருந்தால் அதுவும் கெடுதல் செய்யும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதயம் தடுமாறினால் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். சிகாகோவைச் சேர்ந்த கை வைன்பர்க் 1998இல் எலிகளில் கண்டுபிடித்த வழி அது.

இந்தியாவில் மருந்தால் வரும் கெடுதல்களைப் பதிவு செய்ய 2010 முதல் தேசிய அளவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. டாக்டர்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை, ட்யூப் வாங்கியவரே பேசலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024. ட்யூபின் பெயர், சதவீதம், தொகுப்பு எண், பூசிய இடம், பூசிய நேரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். தொகுப்பு எண் அட்டைப்பெட்டியிலும் ட்யூபின் மடிப்பிலும் அச்சாகியிருக்கும்.